அத்தைக்கு ஒரு வரிக் கணக்கு

2003, ஜூலை மாதம். மதுரை வில்லாபுரத்தில் குடியிருந்தோம். அந்த வருடம் மாசியில்தான் என் மாமியார் மாரடைப்பில் இறந்துபோனார். பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். அதன்பிறகு மாமனார் வெளியே போவதையே விட்டுவிட்டார். பார்க்கிறவர்கள் எல்லாம் துக்கம் விசாரிப்பார்களே என்பதுதான் காரணம். வீட்டிலும் பேச்சு குறைந்துவிட்டது.

இறந்தவருக்கும் அந்த வருட வருமான வரிக் கணக்கைக் கொடுக்க வேண்டும், வாரிசு என்று மாமனார் கையெழுத்துப் போட வேண்டும், நேரில் வரச் சொல்லுங்கள் என்று வழக்கமான ஆடிட்டர் போனில் சொன்னார்.

"ஆளே போனப்புறம் அவளுக்கு என்ன கணக்கு?" என்று மாமனார் எழுந்து போய்விட்டார். என் கணவருக்கு வெளியூரில் வேலை. கடைசித் தேதியோ நெருங்கிக்கொண்டிருந்தது.

நான் பி.காம். படித்தவள். வீட்டிலேயே போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன். இருந்தது ஒரு பழைய கம்ப்யூட்டர். வரிக்கென்று விற்கிற சாஃப்ட்வேரை வாங்க வசதியில்லை. "காப்பி போட்டுத் தாரேன்க்கா, யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் பழங்காநத்தத்துக் கம்ப்யூட்டர் கடைக்காரர். மனம் ஒப்பவில்லை. ஏதோ பத்திரிகையோடு வந்த இலவச சிடியில், கட்டம் கட்டமாகக் கணக்குப் போடுகிற சாஃப்ட்வேர் இருந்தது. அதில் பென்ஷன், வட்டி, கழிவு என்று நானே வரிசை போட்டேன். மாமாவுக்கு ஒரு பத்தி, அத்தைக்கு ஒரு பத்தி. முந்தைய வருடத் தொகைகளைப் போட்டுப் பார்த்தேன். ஆடிட்டர் போட்டிருந்த வரியே வந்தது.

தட்டுகிற சத்தம் கேட்டு மாமனார் பின்னால் வந்து நின்றார்.

"இதுல அவளோடது எது தாயி?"

காட்டினேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர், பாஸ்புக்கைப் பார்த்து ஒவ்வொன்றாக வாசித்தார். நான் அடித்தேன். நடுவில் ஒரு வட்டியை விட்டுவிட்டேன்.

"அது அவ ரிட்டயர் ஆனப்ப போட்ட டெபாசிட்டு. விட்றாத."

கடைசியில் பெயர். அதற்கு முன்னால் 'லேட்' என்று சேர்க்க வேண்டும். எனக்குக் கை ஓடவில்லை. மாமனாருக்குப் புரிந்துவிட்டது.

"கொஞ்சம் தள்ளு தாயி" என்றவர், ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி அவரே அடித்தார். முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார்.

"அடுத்த வருசம் இந்தப் பத்தி இருக்காதுல்ல?"

"வேணும்னா வச்சுக்கலாம் மாமா."

"வேணாம். எடுத்துரு."

மறுநாள் விவரங்களைப் படிவத்தில் எழுதினேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நான் வரி ஆபீசுக்குக் கிளம்பும்போது, தேய்த்த சட்டையோடு வந்து நின்றார். "இரு, நானும் வாரேன்."

பஸ் ஸ்டாப்பில் தெரிந்தவர் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு விசாரித்தார். "ஆமப்பா, மாசியிலதான். தூக்கத்துலயே போயிட்டா" என்று நிதானமாகச் சொல்லிவிட்டு மாமனார் பஸ் ஏறினார்.

துக்கத்தில் இருப்பவர்களிடம் என்ன பேசுவதென்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவர்களுக்கு ஏதாவது வேலை பாக்கியிருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து செய்யலாம் என்பது மட்டும் தெரியும்.