வண்டி முகத்தில் பூ

இந்த ஊரில் பூ வாடுவதில்லை. காலையில் கட்டின மல்லி சாயங்காலமும் ஈரமாக இருக்கிறது. மறுநாளும் அப்படியே இருக்கிறது. நம் காஞ்சிபுரத்தில் வெயில் கொஞ்சம் ஏறினால் போதும், பூ சுருண்டு நாராகிவிடும். இங்கே தினமும் மத்தியானம் மழை. மழை இல்லாத நேரத்திலும் காற்று நனைந்தே வருகிறது. வந்த புதிதில் இதைப் பார்த்து நல்ல பூமி என்று நினைத்தேன். வாடாத பூவால் ஒரு மோட்டார் நிற்கும் என்று தெரியாது.

நான் பிள்ளையார்பாளையத்துக்காரன். கடல் தாண்டி வந்து, ஈப்போவில் ஒரு சீன முதலாளிக்கு மோட்டார் ஓட்டுகிறேன். இங்கே முதலாளியைத் தவுக்கே என்பார்கள். அவருக்கு ஈயம் தோண்டுகிற சுரங்கம் இருக்கிறது. எனக்குப் படிப்பு கம்மி, பேச்சும் கம்மி. நம்ம ஊரிலிருந்து வண்டி ஓட்ட இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வண்டிக்கு இழுப்பு குறைந்துபோனது. பட்டறையில் ஆ கோங் என்ற மெக்கானிக்கும் நானும் சேர்ந்து என்ஜினைத் திறந்தோம். வால்வு தேய்த்து, புது கேஸ்கட் வைத்து மூடினோம். வண்டி பட்டுநூல் இழுத்த மாதிரி ஓடியது. நம் வழக்கப்படி ரிப்பேர் ஆன வண்டி புது வண்டி. சந்தனம் குங்குமம் வைத்து, முகத்துக்குக் குறுக்கே கனமாக ஒரு மாலை போட்டேன். போட்ட மாலையைக் கையால் எடுக்கக்கூடாது. அது வாடி, தானாகக் கழியவேண்டும். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த தவுக்கேயின் பெண்சாதி உள்ளே போய் ஒரு சிவப்புத் துணி கொண்டுவந்தாள். நடுவில் பெரிய பூ மாதிரி முடிச்சுப் போட்டு, என் மாலைக்கு மேலேயே கட்டினாள். அது அவர்கள் வழக்கம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த நாள் சுரங்கத்து மேட்டில் வண்டி கொதித்தது. ரேடியேட்டர் மூடியைத் துணி சுற்றித் திறந்தேன். ஆள் உயரத்துக்கு ஆவி. ஆறவிட்டுத் தண்ணீர் ஊற்றினேன். மறுநாளும் அதே மேட்டில் அதே கதை. விசிறி வார் தளர்ந்ததா என்று பார்த்தேன், இல்லை. ரப்பர் குழாய் உள்ளே மடங்கியிருக்குமோ என்று கழற்றினேன், இல்லை. பிளக்கில் நெருப்பு பிந்தி விழுகிறதா என்று பார்த்தேன், சரியாக இருந்தது. கேஸ்கட்டைத் திருப்பி வைத்துவிட்டோமோ என்று ஆ கோங் மறுபடி திறந்தான். தண்ணீர் ஓட்டைகள் எல்லாம் நேராக இருந்தன. "பானாஸ்" என்றான். இந்த நாட்டில் சூடு என்று அர்த்தம். அது எனக்கும் தெரியும் என்றேன். சிரித்தான்.

கண் பட்டிருக்கும் என்று முடிவு கட்டி, முதல் மாலையோடு இன்னொரு மாலை போட்டேன். தவுக்கே பெண்சாதியும் அதையே நினைத்தாள் போல. இன்னொரு சிவப்புத் துணி கட்டினாள். வண்டி முன்னைவிடச் சீக்கிரம் கொதித்தது.

தவுக்கே கத்துகிற ஆள் இல்லை. அடுத்த வாரம் தன் பெண்சாதி பினாங்கில் தாய்வீட்டுக்குப் போகவேண்டும், நடுவழியில் நின்றால் வேறு டிரைவர் என்று மட்டும் சொன்னார். வேலை போனால் கார் கொட்டகைக்குப் பின்னாலிருக்கிற அறையும் போகும். அந்த அறைக்குச் சுண்ணாம்பு அடித்து, அடுப்பு போட்டு வைத்திருந்தேன். என் பெண்சாதி கன்னியம்மா கப்பல் ஏறிவிட்டாள். நான் பினாங்கு போய்ச் சேர்கிறதுக்கு மறுநாள் காலையில் கப்பல் வருகிறது. இதே வண்டியில் அவளை ஏற்றிக்கொண்டுவர தவுக்கே முன்னமே சரி சொல்லியிருந்தார். கடலைத் தாண்டி வருகிறவளை எந்த வாசலில் இறக்குவது என்று யோசித்து எனக்குத் தூக்கம் போய்விட்டது.

ஊரில் காதர் பாய் என்று என் வயதுக்காரன். ஒரு பழைய மோட்டார் வைத்திருந்தான். நான் ஓட்டுவேன், அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஆள் பிடிப்பான். ஸ்டேஷனிலிருந்து சின்ன காஞ்சிபுரம், எப்போதாவது மாகறல். அந்த வண்டிக்கும் மாலை உண்டு. கருட சேவை அன்றைக்கு மாலைக்குள் வண்டி விளக்குகூடத் தெரியாது.

"இன்னாபா வேலு, வண்டி ஓட்டறியா, சாமி புறப்பாடு நடத்தறியா? ஜனங்க கன்னத்துல போட்டுக்கினு நிக்கிறாங்க" என்பான்.

"நீ நேரா உக்காரு பாய். சாமி சாஞ்சிக்கினு வந்தா நல்லா இருக்காது" என்பேன்.

அந்த வண்டி ஒருநாளும் கொதித்ததில்லை.

தவுக்கே பெண்சாதியை ஏற்றிக்கொண்டு பினாங்கு கிளம்பினேன். போகிற வழியில் ஒரு கணவாய். ரெண்டு பக்கமும் காடு, நடுவே ஏறிக்கொண்டே போகிற ரோடு. பாதி ஏற்றத்தில் சூடு காட்டுகிற முள் சிவப்புக்குப் போனது. ஓரம் கட்டினேன். மழை விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. ஆவி எழும்பி ரோட்டை மறைத்தது. அந்த வெள்ளைக்குள் பார்த்துக்கொண்டே நின்றேன். எங்கள் தெரு தெரிந்தது. விடிகாலையில் தெரு நீளத்துக்குத் தறியில் ஏற்றுகிற பாவு நீட்டியிருப்பார்கள். குச்சி ஊன்றி, விறைப்பாக, பட்டு நூல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும். பாவு இருக்கிற தெருவில் மோட்டார் போகாது. என்ஜினை நிறுத்திவிட்டுக் காத்திருப்போம். "தோ ஆச்சுபா, சுருட்டிக்கினே இருக்கோம்" என்று குரல் வரும். தறிச் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தில் தூக்கம்கூட வரும். பாவைச் சுருட்டினதும் கிளம்புவோம், அடுத்த தெருவில் இன்னொரு பாவு.

அப்போதுதான் தோன்றியது. அங்கே வண்டி நின்று நின்று போயிற்று. மேடு கிடையாது. மாலையும் மத்தியானத்துக்குள் நாராகி, காற்றுக்கு வழி விட்டது. இங்கே யாரும் எதையும் குறுக்கே நீட்டுவதில்லை. ரோடு போய்க்கொண்டே இருக்கிறது. பூ வாடுவதே இல்லை.

வண்டி ஆறினதும் தண்ணீர் ஊற்றிக் கிளப்பினேன். ஒரு இலையைப் பறித்து, வண்டி முகத்தில் பூவும் துணியும் மூடாத ஓரத்தில் பிடித்தேன். உள்ளே விசிறி இழுத்து, இலை ஒட்டிக்கொண்டது. மாலைமேல் வைத்தேன். விழுந்துவிட்டது, அங்கே காற்று நுழையவில்லை.

தவுக்கே பெண்சாதி இறங்கி வந்தாள். அவிழ்க்கச் சொல்லிச் சிவப்புத் துணியைக் கை காட்டினேன். தலையாட்டிவிட்டுப் போய், பையிலிருந்து புதுசாக ஒன்று எடுத்துவந்தாள். மூணாவது. வேண்டாம் என்றேன். பக்தி இல்லாதவன் என்று நினைத்தாளோ என்னமோ, முகம் சுருங்கியது. சொல்ல எனக்கு அவள் பாஷை இல்லை.

மாலையைப் பார்த்தேன். ஒரு இதழ்கூட வாடவில்லை. பிறந்ததிலிருந்து போட்ட மாலையை எடுத்ததில்லை. கை போய்த் திரும்பியது. கன்னியம்மா இந்நேரம் கப்பலில் கரை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பாள். கண்ணில் ஒற்றிக்கொண்டு, என் மாலை ரெண்டையும் எடுத்தேன்.

அந்த மாலையை நான் யாரையும் தொடவிட்டதில்லை, அவளுக்குத் தெரியும். என் கையிலிருந்த பூவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குனிந்து தன் துணிகளை அவளே அவிழ்த்தாள். ரெண்டு பேருமாக எல்லாவற்றையும் வண்டிப் பின்னாலிருக்கிற உதிரிச் சக்கரத்தில் கட்டினோம். "ஜாலான்" என்றாள். போகலாம் என்று அர்த்தம். கணவாய் ஏறி இறங்குகிற வரைக்கும் முள் அசையவில்லை.

அவளைத் தாய்வீட்டில் இறக்கிவிட்டேன். மறுநாள் துறைமுகத்தில் கன்னியம்மா இறங்கினாள். இளைத்திருந்தாள். வண்டியைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"இன்னா, மூஞ்சி மொட்டையா இருக்குது?"

"அது மூச்சு வுடற எடம். பூ பின்னாடி இருக்குது, பாரு."

முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். புறப்படுகிற அன்றைக்குக் காமாட்சியம்மன் கோயிலில் கொடுத்த பூச்சரம். காய்ந்து வெறும் நாராக இருந்தது. அதைப் பின்னால் கொண்டுபோய், வாடாத மாலைக்கும் சிவப்புத் துணிக்கும் நடுவில் கட்டினாள். அப்புறம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

ஈப்போ ரோட்டில் திரும்பினேன். வண்டி முன்னால் போனது. பின்னால் பூ எல்லாம் கடலைப் பார்த்தபடியே வந்தன.