ரயில்வே கேட்டிலிருந்து கூடம் வரை

தம்பி மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் மற்றவர்கள் எல்லோரும் 'அவர்' என்று எழுதியிருக்கிறார்கள். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். என் கைக்கு 'அவன்' என்றுதான் வருகிறது. உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நீடாமங்கலத்துக்குக் கிழக்கே எங்கள் ஊரில், ஐந்து பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தான். அப்பா பிறர் நிலத்தில் வரப்பு வெட்டியும் கதிர் அறுத்தும் பிழைத்தவர். என்னைப் படிக்கவைத்ததோடு அவருடைய சக்தி தீர்ந்துவிட்டது. தம்பி எட்டாம் வகுப்போடு வெல்டிங் பட்டறைக்குப் போனான். இருபத்துநாலு வயதில் சிங்கப்பூர். கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் முப்பத்தோரு வருடம் வெல்டர் வேலை. அதில் ஊருக்கு வந்தது பதினான்கு முறை. மொத்தம் நானூற்று அறுபத்தாறு நாள். மகன் பிறந்தபோதும் இல்லை, மகள் பிறந்தபோதும் இல்லை.

வந்த நாட்களிலும் உட்காரவில்லை. வீட்டின் பதினாறு ஜன்னலுக்கும் அவனே கம்பி அடித்தான். கூடத்துக்கு டைல் பதித்தான். அவன் வந்த மறுநாளே ஊரில் உடைந்த இரும்பெல்லாம் எங்கள் வாசலுக்கு வந்துவிடும்.

"தம்பி, எங்க வீட்டு இரும்புக் கதவு ஒரேயடியா கத்துதுப்பா" என்பார் எதிர்வீட்டு அக்கா.

"ஒங்களவிடவாக்கா?" என்று கேட்டுக்கொண்டே மெஷினை எடுப்பான்.

அப்பா ஆஸ்பத்திரியில் காலமானார். வெளியில் உயிர் போனவரை வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை என்பது நம் வழக்கம். மூத்தவன் என்ற முறையில் நான்தான் வாசலிலேயே நிறுத்தினேன். ஐப்பசி மழை. கீற்றுப் பந்தலில் நாலு இடத்தில் ஒழுகியது. சிங்கப்பூரிலிருந்து தம்பி போனில் கேட்டான்: "அண்ணே, அப்பா நனையுறாரா?"

"பந்தல் போட்டிருக்கு" என்றேன்.

"கூடத்துல எடம் இருக்கேண்ணே."

"வழக்கம் தெரியாம பேசாத" என்று போனை வைத்துவிட்டேன்.

அடுத்த லீவில் வந்தவன், வாசலில் பன்னிரண்டு இரும்புக் கால் நட்டுத் தகரக் கொட்டகை போட்டான்.

நிரந்தரமாக ஊர் திரும்பியபோது நுரையீரல் கெட்டிருந்தது. நாலு வருடம் இருமினான். கடைசியாகத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள். அங்கேதான் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "என்னைய தகரத்துக்குக் கீழ கெடத்திடாதீங்கண்ணே. கூடத்துல போடுங்க." சரி என்றேன்.

இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னதும் ஆம்புலன்ஸ் பிடித்தோம். அவன் மனைவியும் பிள்ளைகளும் கூடத்தை ஒழுங்குபண்ண முன்னால் காரில் போய்விட்டார்கள். வண்டியில் தம்பி, நான், டிரைவர். நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணிக்கொண்டே வந்தேன். முப்பது, இருபத்தாறு, பதினேழு. வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. நெல் ஏற்றிய கூட்ஸ் வந்தது.

அவனுடைய சின்ன வயதில் ரயில் போனால் நான் பெட்டி எண்ணுவதும் அவன் கணக்கைக் கேட்பதும் வழக்கம். மாஸ்க்குக்குள் ஏதோ சொன்னான். குனிந்தேன். "எத்தன பொட்டிண்ணே?"

ஜன்னல் பக்கம் திரும்பி எண்ணினேன். நாற்பத்திரண்டு. சொல்லத் திரும்பினால் மூச்சு இல்லை. கடைசி மூச்சை நான் பார்க்கவில்லை. பெட்டி எண்ணிக்கொண்டிருந்தேன்.

டிரைவர் பின்கதவைத் திறந்து பார்த்தார். "ஐயா..." என்றார்.

"மூச்சு இருக்கு. வண்டிய எடுங்க."

என் முகத்தைப் பார்த்தார். "சரிங்கய்யா. இருக்குங்க" என்று கதவைச் சாத்தினார்.

வாசலில் சித்தப்பா வழிமறித்தார். "உசுரு இருக்காப்பா?" அன்று அப்பாவை நிறுத்தியவன் நான் என்பதால் எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"இருக்கு. உள்ள தூக்குங்க."

கூடத்தில் கிடத்தி, ஆளுக்கொரு கரண்டி பால் ஊற்றினோம். பதினோரு நிமிடம் கழித்து, போய்விட்டது என்றேன்.

நான் சொன்னது பொய். அதைத்தான் இந்த மலரில் எழுத வேண்டும் என்று ஓராண்டாக நினைத்திருந்தேன். தீட்டு என்று நினைப்பவர்கள் என்னோடு பேசாமல் இருக்கட்டும்; தம்பி குடும்பத்தின்மேல் ஒரு சொல்லும் விழக்கூடாது. இதை அச்சுக்குக் கொடுக்குமுன் தம்பி மனைவியிடம் சொன்னேன். அந்தப் பெண் அழவில்லை. "பால் ஊத்துறப்பவே தெரியும் மாமா. உள்ள எறங்கல" என்றது.

பத்தொன்பது நாளும் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், சோறு கொண்டுவந்த எதிர்வீட்டு அக்காவுக்கும் நன்றி. அன்று மாலை கொட்டிய மழையில் வந்து, அவன் போட்ட தகரத்தின் கீழ் விடியும்வரை உட்கார்ந்திருந்த உங்கள் அனைவருக்கும் நன்றி. அதன் கீழ் ஒருவரும் நனையவில்லை.

அந்த டிரைவரின் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன். கேட்டிலிருந்து எங்கள் வாசல் ஏழு கிலோமீட்டர். உயிர் இல்லாதவனுக்காக ஏழு கிலோமீட்டரும் சைரனை நிறுத்தாமல் வந்தார். இந்த மலர் அவர் கைக்குப் போகாது. ஆனாலும் அவருக்கு என் வணக்கம்.