இங்கிலாந்தா, இலங்கையா

என் கணவர் தென்காசியில் டாக்டர். ரத வீதியில் சின்ன ஆஸ்பத்திரி. மாடியில் எங்கள் வீடு. ஐம்பதுகளின் நடுவில் ஊரில் டாக்டர்கள் அதிகம் பேர் கிடையாது. சுந்தரபாண்டியபுரத்திலிருந்தும் வாசுதேவநல்லூரிலிருந்தும் வில்வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். அவருக்குக் கைராசி உண்டு என்று ஜனங்கள் நம்பினார்கள். அவரும் நம்பினார்.

அவருக்குச் சிறுநீரகத்தில் கல் இருந்தது. அது நகரும்போது ஆறடி ஆள் தரையில் கிடந்து சுருண்டுகொள்வார். முதல் தடவை அப்படி வந்தபோது, திருநெல்வேலியிலிருந்து ஒரு நண்பர் வந்து பெத்தடின் ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் இவர் எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டார். இரண்டாவது தடவை எங்கள் கம்பவுண்டர் போட்டார். அதற்குப் பிறகு அவரே போட்டுக்கொண்டார். பிறகொரு நாள் கல் தானாக விழுந்துவிட்டது. ஊசி நிற்கவில்லை.

பெத்தடின் அபின் வகையைச் சேர்ந்த மருந்து. பிரசவ வலி, எலும்பு முறிவு, அறுவைச் சிகிச்சை என்று எல்லாவற்றுக்கும் அப்போது அதைத்தான் கொடுத்தார்கள். அது பழக்கமாகும் என்று புத்தகத்தில் இருந்தது. தனக்கு ஆகாது என்று அவர் நினைத்திருக்கிறார். டாக்டர்கள் பலரும் அப்படி நினைப்பார்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

எனக்கு அது தெரிய வந்தது அவருடைய காலிலிருந்து. தொடைவலி என்று ஒருநாள் எண்ணெய் தேய்க்கச் சொன்னார். தொட்டுப் பார்த்தால் சதை பலகை மாதிரி இறுகிக் கிடந்தது. மேலெல்லாம் புள்ளி புள்ளியாகத் தழும்பு. கேட்டதற்கு, "வைட்டமின் ஊசி" என்றார். நான் மேலே கேட்கவில்லை. தெரிந்துவிட்ட பிறகு கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று தோன்றியது.

வெளியே வந்தது வேறொரு விதத்தில். கதிர் அடிக்கும் களத்தில் வண்டி ஏறிக் கால் முறிந்த ஒரு பெண்ணைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவள் கதறியது மாடிவரை கேட்டது. கம்பவுண்டர் மேலே ஏறி வந்து வாசலில் நின்றார்.

"அம்மா, வலிக்குப் போட மருந்து இல்ல. புதுப் பெட்டி வந்தது. காலியா இருக்கு."

"டாக்டர் என்ன சொல்லுதாங்க?"

"ஐயா ஒண்ணும் சொல்லல. உள்ள ரூம்ல உக்காந்திருக்காங்க."

அந்தப் பெண்ணை மருந்தில்லாமலே கட்டுப் போட்டுப் பாளையங்கோட்டைக்கு அனுப்பினார்கள். அன்று ராத்திரி அவர் சாப்பிட வரவில்லை. மறுநாள் காலையில் அவருடைய அண்ணனுக்கு ஆள் அனுப்பினேன்.

அண்ணன் வாசுதேவநல்லூரில் நிலபுலன்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோயில் தர்மகர்த்தா. கோபத்தில்கூடக் குரல் உயராது. வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தம்பியிடம் ஒரே கேள்வி கேட்டார்.

"நீயா விட முடியுமாலே?"

"முடியாது அண்ணாச்சி. முயற்சி பண்ணிப் பாத்தாச்சு."

எனக்குத் தெரிந்து அவர் அண்ணனிடம் பொய் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை.

அடுத்து எங்கே அனுப்புவது என்ற பேச்சு. நம் நாட்டில் அப்போது இதற்கென்று தனி இடம் இருந்ததாக எங்களுக்குத் தெரியவில்லை. பைத்தியத்தோடு சேர்த்துத்தான் வைப்பார்கள் என்றார்கள். சென்னையில் பெரிய டாக்டர்கள் இருந்தார்கள். எல்லோரும் அவரோடு படித்தவர்கள், அல்லது அவருக்குப் பாடம் நடத்தியவர்கள். அங்கே காலையில் சேர்ந்தால் மறுநாள் தென்காசி ஸ்டேஷனில் பேசிக்கொள்வார்கள். ஆகவே வெளிநாடு என்று முடிவாயிற்று. நோயைவிட மானம்தான் அந்த முடிவை எடுத்தது.

மூன்று இடங்கள் பேச்சில் அடிபட்டன. பினாங்கில் என் சித்தப்பா இருந்தார். அங்கே அபின் புகைப்பவர்களைத் தங்கவைத்து மீட்கும் இடம் ஒன்றைப் பற்றிச் சொல்லியிருந்தார். இவர் ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டார். "கப்பல்ல மூட்டை தூக்குற கிழவன்களோட நான் படுக்கணுமா?" இரண்டாவது இங்கிலாந்து. இவரோடு படித்த ஒருவர் அங்கே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். கிராமப்புறத்தில் ஒரு நல்ல விடுதி இருப்பதாகவும் டாக்டர்களே அங்கே தங்கிச் சிகிச்சை பெறுவதாகவும், வந்தால் எல்லா ஏற்பாடும் செய்வதாகவும் சொல்லியிருந்தார். மூன்றாவது இலங்கை. தேயிலைத் தோட்டப் பக்கம் மலைமேல் ஒரு டாக்டரும் அவர் மனைவியும் சேர்ந்து சின்னதாக ஒரு இல்லம் நடத்தினார்கள். அண்ணனுடைய கொழும்பு வியாபார நண்பர் மூலம் தெரிய வந்தது.

இவர் இங்கிலாந்துதான் என்றார். அண்ணனும் தலையாட்டினார். இங்கிலாந்து என்றால் எவரும் மேல்படிப்பு என்றுதான் நினைப்பார்கள். திரும்பி வந்தால் மரியாதை கூடத்தான் செய்யும். பாஸ்போர்ட் வந்தது. ஆனால் பணம் வெளியே அனுப்ப அரசாங்க அனுமதி கெடுபிடியாக இருந்த காலம் அது. அதற்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த இடைவெளியில் அண்ணனுக்கு ஒரு யோசனை. சாரல் தொடங்கியிருந்தது. குற்றாலத்தில் தெரிந்தவர் பங்களா ஒன்று இருந்தது. "அங்கன கொண்டுபோய் வைப்போம். அருவித் தண்ணி தலையில விழுந்தா எல்லாம் தெளியும். எத்தனை பேருக்குத் தெளிஞ்சிருக்கு" என்றார். இவர் மறுக்கவில்லை. ஊசிப் பெட்டியைக் கம்பவுண்டர் பூட்டி அண்ணன் கையில் கொடுத்தார்.

பங்களாவில் நாங்கள் மூன்று பேரும் ஒரு சமையல்காரரும். என் மகளை அம்மா வீட்டில் விட்டிருந்தேன். முதலில் கொட்டாவி வந்தது, ஓயாத கொட்டாவி. பிறகு வியர்வை. சாரல் குளிரில் நாங்கள் போர்த்திக்கொண்டிருக்க, அவருடைய சட்டை நனைந்து ஒட்டிக்கொள்ளும். கால்கள் அவர் சொன்ன பேச்சைக் கேட்காமல் உதைத்துக்கொண்டே இருந்தன. சாப்பிட்டது தங்கவில்லை. அண்ணன் அவரைப் பிடித்துக்கொண்டு போய் அருவியில் நிறுத்தினார். அருவிக்கரையில் அந்த வருஷமும் தலையில் எண்ணெய் வைத்துக் கயிற்றில் பிடித்துக் கூட்டி வரப்பட்ட, சித்தம் கலங்கியவர்கள் சிலர் இருந்தார்கள். இவரும் அண்ணனுடைய கைப்பிடியில்தான் நின்றார். கயிறு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். தெரிந்த நோயாளி ஒருவர் ஈர வேட்டியோடு வந்து கும்பிட்டார்.

"டாக்டரையா, நீங்களும் குளிக்க வந்தீயளா? உடம்பு மெலிஞ்சிருக்கே."

"சாரலுக்கு வந்தேன்" என்றார் இவர். பல் கிட்டித்துக்கொண்டது. குளிரென்று அந்த மனிதர் நினைத்திருப்பார்.

சில நாட்களில் உடம்பு அடங்கியது. அண்ணன் அருவிக்கு நன்றி சொன்னார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. இவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து செங்கோட்டை ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு பகலில் அண்ணன் ஊருக்குப் போயிருந்தபோது என்னைக் கூப்பிட்டு எதிரே உட்காரச் சொன்னார்.

"ஒண்ணு சொல்லுதேன். அண்ணன்கிட்ட சொல்லணுமா வேண்டாமான்னு நீயே முடிவு பண்ணிக்கோ."

"சொல்லுங்க."

"நான் என்னதுக்கு இங்கிலாந்து கேக்குதேன் தெரியுமா? அங்க இந்தப் பழக்கம் உள்ளவனுக்கு டாக்டரே மருந்து எழுதிக் கொடுக்கலாம். சட்டம் அப்படி. விடுதியில கொஞ்சம் கொஞ்சமாக் குறைப்பாங்க. குறைக்க முடியலைன்னா வெளிய வந்து ஒரு டாக்டரைப் பாத்தா தினமும் கிடைக்கும். அங்க இருக்கிற சிநேகிதன் எனக்குச் சொன்னது அதுதான். நான் அதுக்குத்தான் போகுதேன்."

"திரும்பி வராம அங்கயே இருக்கவா?"

"அதை யோசிக்கல. மருந்து கிடைக்கும்னு மட்டும் யோசிச்சேன்."

வெளியே சாரல் தூறிக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம் வந்ததாக நினைவில்லை. இத்தனை மாதத்தில் முதல் தடவையாக அவர் என்னோடு பேசுவதாகத்தான் தோன்றியது.

"இப்ப என்னதுக்கு எங்கிட்ட சொல்லுதீங்க?"

"இன்னைக்கு உடம்புல மருந்து இல்ல. நாளைக்குச் சொல்லுவேனான்னு தெரியல."

அண்ணன் திரும்பியதும் இங்கிலாந்து வேண்டாம் என்று சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். அவர், "அப்ப நீயே பாரும்மா" என்றார். அந்த வீட்டில் எந்த முடிவையும் என்னிடம் விட்டது அதுதான் முதல் தடவை.

நான் இலங்கைக்கு எழுதினேன். பள்ளிக்கூட இங்கிலீஷ்தான், ஆனால் கேட்க வேண்டியது எனக்குத் தெளிவாக இருந்தது. அவர் அங்கிருந்து திரும்பி வந்த பிறகு என்ன செய்வது என்று கேட்டிருந்தேன். இங்கிலாந்து விடுதியிலிருந்து முன்பு வந்த பதிலில் அறை வசதியும் தோட்டமும் இருந்தன. பிற்பாடு பற்றி ஒன்றுமில்லை. இலங்கை டாக்டர் பதிலுக்கு இரண்டு கேள்வி கேட்டிருந்தார். வீட்டில் மருந்து அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது? மனைவி கூட வந்து சில வாரம் தங்க முடியுமா? அந்த இரண்டு கேள்விக்காகத்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். வேறு எதுவும் எனக்கு அதைப் பற்றித் தெரியாது.

மதுரை போய் ரயில் மாறி, தனுஷ்கோடியில் கப்பல் ஏறி, அக்கரையில் மறுபடியும் ரயில். கப்பலில் இவர், "திரும்பிப் போயிருவோமா" என்று ஒரு தடவை கேட்டார். நான் வேண்டாம் என்றேன். சரி என்றார்.

இல்லம் ஒரு பழைய துரை பங்களா. பத்துப் பேருக்குள்தான் இருந்தார்கள்: தோட்டத்துக் கணக்கர், வெள்ளைக்காரத் துரை ஒருவர், ஒரு நர்ஸ், ஒரு மருந்துக்கடைக்காரர். சிகிச்சைக்கு வந்தவர்களில் இவரைத் தவிர வேறு டாக்டர் இல்லை. எல்லோரும் காலையில் காய்கறிப் பாத்தியில் வேலை செய்ய வேண்டும். பகலில் வட்டமாக உட்கார்ந்து பேச வேண்டும். இவர் முதலில் மற்றவர்களுக்கு வைத்தியம் சொல்ல ஆரம்பித்தார். அந்த இல்லத்து அம்மா, "இங்கே நீங்கள் டாக்டர் இல்லை. முட்டைக்கோஸ் வைக்க வந்தவர்" என்று சிரிக்காமல் சொன்னார். அன்று இவர் அறையை விட்டு வெளியே வரவில்லை. மறுநாள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

நான் சில வாரத்தில் திரும்பினேன். அவர் மலையில் சில மாதங்கள் இருந்துவிட்டு வந்தார். சதை பிடித்திருந்தது, உள்ளங்கை காய்ப்பு ஏறியிருந்தது. இரண்டு வருஷம் அந்த மருந்து இருக்கும் இடத்தில் வேலை செய்யக் கூடாது என்று இல்லத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அண்ணனுக்கு அது புரியவில்லை. ஆஸ்பத்திரி பூட்டிக் கிடப்பது ஊரில் பேச்சாகிறது என்றார். சாவி என்னிடம் இருக்கும் என்ற ஏற்பாட்டோடு மறுபடி திறந்தோம்.

சுமார் ஒரு வருஷம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு ராயகிரியில் ஒரு பெரிய வீட்டுக்காரருக்குப் புற்றுநோய். வாரம் இரண்டு தடவை கார் வந்து இவரைக் கூட்டிப்போகும். ஒருநாள் காலை இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை இலையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்.

"ராயகிரி வீட்டுல பெட்டி பெட்டியா வாங்கி வச்சிருக்காங்க. எங்கிட்டத்தான் கொடுத்து வச்சிருக்காங்க. நேத்து எடுத்தேன்."

"நேத்து மட்டுமா?"

"முந்தாநேத்தும்."

நான் அண்ணனுக்கு ஆள் அனுப்பவில்லை. அடுத்த தடவை அந்த வீட்டுக் கார் வந்தபோது நானும் ஏறிக்கொண்டேன். இவர் வசம் இருந்த மருந்துப் பெட்டியை வாங்கி அந்த வீட்டு மகனிடம் கொடுத்து, வேறு டாக்டரை வைத்துக்கொள்ளச் சொன்னேன். காரணம் கேட்டார். இவருக்கு உடம்பு சரியில்லை என்றேன். அது பொய்யில்லை. அடுத்த சில நாட்கள் குற்றாலத்தில் பார்த்த அதே கொட்டாவியும் வியர்வையும். இந்தத் தடவை சீக்கிரமே விட்டது. அதோடு ஆஸ்பத்திரியை மூடிவிட்டோம்.

மதுரையில் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு பாடம் நடத்த ஆள் தேவைப்பட்டது. சம்பளம் குறைவு. இவர் விண்ணப்பம் போட்டபோது அண்ணன் வந்தார்.

"கைராசி டாக்டர்னு பேரெடுத்துட்டு, பிணத்தை அறுக்கப் போறியாலே?"

"அங்கன யாருக்கும் வலி கிடையாது அண்ணாச்சி. வலிக்கு மருந்தும் கிடையாது."

அண்ணன் சாப்பிடாமல் ஊருக்குப் போனார். பிறகு ஒரு வருஷம் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. மகளுக்குக் காது குத்தும்போதுதான் வந்தார். தாய்மாமன் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாச் சடங்கும் முடியும்வரை இருந்தார்.

அறுபதுகள் முழுக்க நாங்கள் மதுரையில் இருந்தோம். எனக்குத் தெரிந்தவரை அவர் மறுபடி தொடவில்லை. எனக்குத் தெரியாமல் தொட்டிருந்தால் அது எனக்குத் தெரியாது. இதை இப்படித்தான் சொல்ல முடியும். முதல் வருஷ மாணவர்களில் யாராவது பிரேதத்தைப் பார்த்து மயங்கி விழுந்தால் அன்று சாயங்காலம் வீட்டுக்குக் கூட்டி வந்து காப்பி கொடுப்பார். தன்னுடைய கதையைச் சில மாணவர்களிடம் சொல்லியிருந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். தென்காசியில் ஆஸ்பத்திரி மூடியதற்கு வேறு வேறு காரணங்கள் சொன்னார்கள்: அண்ணன் தம்பி சண்டை என்றார்கள், எனக்கு மதுரை மோகம் என்றார்கள். நாங்கள் தென்காசிக் கோயிலுக்குப் போகும்போது சிலர் அதை என் முகத்துக்கு நேரே கேட்டும் இருக்கிறார்கள். மதுரையில் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று பதில் சொல்வேன். குற்றாலத்துக்குப் பக்கத்து ஊரில் இருந்துகொண்டு அந்தப் பதிலை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.