மரை வெட்டாமல் ஏற்றிய திருகு

ராஜ்கோட்டில் முறிந்த எலும்பை இணைக்கும் திருகு செய்யும் அந்தப் பட்டறையில், திருகுகளைப் பிடுங்கிச் சோதிப்பதுதான் பதினாறு வருஷமாக ஜாக்ருதிபென்னின் வேலை. கெட்டி எலும்பென்றால் துளை போட்டு, அதன் உள்சுவரில் மரை, அதாவது திருகின் புரி உட்காரும் பள்ளம், வெட்டிய பிறகே திருகை ஏற்ற வேண்டும். அது அவள் கையில் ஊறிப்போன பழக்கம்.

இப்போது வந்திருப்பது பஞ்சுபோல் துளைதுளையாக இருக்கும் மென்மையான எலும்புக்கான திருகு. பட்டறையில் திருகுகளை வடிவமைக்கும் இளைஞன் மௌலிக் வரைந்த நான்கு வடிவங்களும் சோதனையில் பொலபொலவென்று கழன்றுவிட்டன.

"இந்த அஞ்சாவதும் புடுங்கிக்கிட்டு வந்தா நாளையிலேருந்து நீ வர வேண்டாம்," என்று மௌலிக்கிடம் சொல்லிவிட்டு, முதலாளி ஹர்ஷத்பாய் எந்திரத்தின் பக்கத்திலேயே நின்றார்.

அன்று காலை மரை வெட்டும் கருவி முறிந்திருந்தது. வேறு வழியில்லாமல், எலும்புக்குப் பதிலாக வைக்கும் நுரைக்கட்டையில் துளை மட்டும் போட்டு, ஐந்தாவது திருகை நேரே முடுக்கினாள். எந்திரம் இழுத்தது. இழுவிசையைக் காட்டும் எண் ஏறிக்கொண்டே போனது. திருகு அசையவில்லை.

"இப்பத்தான் தம்பிக்கு வரையத் தெரிஞ்சுதாக்கும்," என்றார் ஹர்ஷத்பாய்.

ஜாக்ருதிபென் முறிந்து கிடந்த மரைக் கருவியைத் திரும்பிப் பார்த்தாள். கழித்துப்போட்ட திருகுகள் கிடந்த டப்பாவிலிருந்து முதல் வடிவத்தை எடுத்து, புதுக் கட்டையில் அதையும் மரை வெட்டாமல் ஏற்றினாள். அதுவும் அசையவில்லை.

"பழக்கத்துல மரை வெட்டுறேன்னு, திருகு கவ்வ வேண்டிய சதைய நாலு தடவையும் நான்தான் வெட்டி எடுத்திருக்கேன், ஹர்ஷத்பாய்," என்றாள். "வர வேண்டாம்னு அவன்கிட்ட சொன்னீங்களே, அத என்கிட்ட சொல்லுங்க."