முதல் பெயர் மட்டும்

போன மாதம் முசிறியிலிருந்து ஒரு அம்மா என்னைத் தேடி ஸ்ரீரங்கத்துக்கு வந்திருந்தார். பெயர் மங்கையர்க்கரசி, ரிட்டயர்டு நர்ஸ். உட்கார்ந்ததும் போனை எடுத்து என் பக்கம் திருப்பினார். திருச்சியில் நான் வேலை பார்த்த நூலகத்தின் தேடல் பக்கம் அது. கட்டத்தில் 'வாழை வாடல்' என்று அடித்திருந்தது. கீழே, 'பதிவு எதுவும் இல்லை'.

"மருமகப் பொண்ணு எல்லா இடத்துலயும் தேடிப் பாத்துட்டா. நீங்க அங்க ரொம்ப வருஷம் இருந்தீங்கன்னு சொன்னாங்க. அதான் வந்தேன்."

அவருடைய அப்பா வாழை விவசாயி. வாடல் நோயில் இரண்டு முறை தோட்டத்தையே இழந்தவர், பட்டதையெல்லாம் எழுதி ஒரு சின்னப் புத்தகமாகத் திருச்சியில் அச்சடித்திருக்கிறார். ஒரு பிரதியை எங்கள் நூலகத்துக்குக் கொடுத்திருக்கிறார். மகளுக்கு ஒரு வயசு ஆவதற்குள் காய்ச்சலில் போய்விட்டார். வீட்டிலிருந்த பிரதிகள் கரையானுக்கு. அவரை எடுத்த போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. முன்னுரையின் கடைசியில் பிறந்த குழந்தையைப் பற்றி ஒரு வரி இருக்கிறது என்று தன் அம்மா சொல்லிச் சொல்லிக் கேட்டிருக்கிறாராம். அந்த வரியைப் படிக்கவேண்டும், அவ்வளவுதான்.

நான் தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் உள்ளே எழுந்து போனேன். எனக்கு அந்தப் புத்தகம் தெரியும். சரியாகச் சொன்னால், அதனுடைய கார்டு தெரியும்.

உங்களுக்கு அந்தக் கார்டுப் பெட்டிகள் ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. சின்னச் சின்ன இழுப்பறைகள், கார்டுகளைக் கோத்து நடுவில் ஒரு பித்தளைக் கம்பி. இழுத்தால் நாப்தலின் உருண்டை வாசனையும், பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் கலந்த மைதாப் பசை வாசனையும் சேர்ந்து வரும். இன்றைக்கும் துணி அலமாரியைத் திறந்தால் எனக்கு ஸ்டெல்லா மேடம்தான் ஞாபகம் வருவார். என் மனைவியிடம் இதைச் சொன்னதில்லை.

ஸ்டெல்லா பொன்மலையில் ரயில்வே குடியிருப்பிலிருந்து வருவார். என்னைவிட நாலைந்து வயது கூட. தமிழ் டைப்ரைட்டரில் கார்டு அடிப்பது அவர் வேலை. மெலிசான புத்தகங்களை ஐந்தாறு சேர்த்து ஒரே காலிகோ அட்டைக்குள் பைண்டு பண்ணிவிடுவார்கள், தனியாக நின்றால் கிழிந்துபோகும் என்று. வெளியே முதல் புத்தகத்தின் பெயர்தான் இருக்கும். ஆனால் ஸ்டெல்லா உள்ளே இருக்கிற ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அடிப்பார்: பெயருக்கு ஒன்று, எழுதியவருக்கு ஒன்று, விஷயத்துக்கு ஒன்று. முப்பது பக்க வாழைப் புத்தகத்துக்கு இத்தனை கார்டா மேடம் என்று நான் கிண்டல் பண்ணியிருக்கிறேன். அதனால்தான் அது எனக்கு மறக்கவில்லை.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. தில்லைநகரில் மூன்று மாதம் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போன ஒரே ஆள் நான்தான், அதனால் என் நடையே மாறியிருந்தது. கார்டுகளைப் பார்த்துப் பதிவு ஏற்றும் வேலை எனக்கு வந்தது. சீக்கிரம் முடியவேண்டும், பைண்டு பண்ணியதற்கு முதல் பெயரை மட்டும் போடு, மீதியைப் பிறகு பார்க்கலாம் என்று அதிகாரி சொல்லிவிட்டார். ஸ்டெல்லா அவரிடம் போய்ச் சொல்லிப் பார்த்தார். திரும்பி வந்து என் மேஜைக்குப் பக்கத்தில் நின்றார்.

"மத்த நாலையும் விட்டுட்டா அது செத்த மாதிரிதான் சார். வர்றவங்க பேரைச் சொல்லித்தானே கேப்பாங்க?"

"மெஷின்ல தேடினா எல்லாம் வந்துடும் மேடம்," என்றேன்.

ஏற்றாதது எதுவும் வராது என்று எனக்கு அப்போதே தெரியும். ஆனாலும் சொன்னேன். நான் தற்காலிக ஊழியன், வேகமாக முடித்தால் நிரந்தரம் ஆகும் என்று இருந்தேன். ஆகவும் ஆனேன். அந்தப் 'பிறகு' மட்டும் வரவேயில்லை. கணவருக்கு ஆபரேஷன் என்று ஸ்டெல்லா லீவில் இருந்த வாரத்தில் இழுப்பறைகளைக் கீழே இறக்கி, கார்டுகளைச் சாக்கில் கட்டிப் பழைய பேப்பர் வண்டியில் ஏற்றினார்கள். ஒப்படைத்ததாகக் கையெழுத்துப் போட்டது நான். ஸ்டெல்லா திரும்பி வந்து காலியிடத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அவர் காலமாகியும் வெகுநாளாயிற்று.

இதையெல்லாம் மங்கையர்க்கரசி அம்மாவிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். "அப்ப புத்தகம் அங்கதான் இருக்கு," என்றார்.

மூன்று நாள் போனோம். இப்போது இருக்கிற நூலகர் நல்ல பெண், ஸ்டூல் போட்டுக் கொடுத்து உள்ளே விட்டார். மழை ஒழுகி வீணாய்ப் போனவை போக, வேறு கட்டடத்துக்கு மாற்றியவை போக, மீதி பைண்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தோம். ஆடு வளர்ப்பு வந்தது, யாரோ ஒருவரின் கல்யாண வாழ்த்துமடல் வந்தது. ஒரு தடவை 'வாழை' என்று கண்ணில் பட்டு அந்த அம்மா என் கையைப் பிடித்துவிட்டார். அது வாழைப்பூச் சமையல். கடைசி நாள் எடுத்த ஒரு பைண்டில் முன்னால் மூன்று புத்தகம் முழுசாக இருந்தன. பின்னால் இருந்தவற்றைக் கரையான் தின்று மண்ணாக்கியிருந்தது. அதில் எது இருந்தது என்று சொல்ல யாராலும் முடியாது.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் முசிறி பஸ்ஸுக்கு நின்றபோது, அந்தக் கார்டில் அப்பா பெயர் எப்படிப் போட்டிருந்தது என்று கேட்டார். சொன்னேன். பொன்னுசாமி, கமா போட்டு, மு. அடுத்த வரியில் புத்தகத்தின் பெயர். அதற்குக் கீழே, முப்பத்திரண்டு பக்கம், படங்களுடன்.

"படம்லாம் போட்டிருந்தாரா?" என்றார். முகம் அப்படியே மாறிவிட்டது. இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.

பஸ் போனபிறகுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. 'படங்களுடன்' என்பது அந்தக் கார்டில் இருந்ததா, வேறு எதிலாவது பார்த்ததா, இல்லை நானே சேர்த்துச் சொன்னேனா. எடுத்துப் பார்த்துவிடலாம் என்றால், இனி எதை எடுத்துப் பார்ப்பது?