போலந்துக்காரரின் மூன்று பொத்தான்கள்

மகள், மகன், இதை உங்கள் இரண்டு பேருக்கும் எழுதி வைக்கிறேன். வாயால் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவீர்கள், அம்மாவும் சேர்ந்துகொள்வா, கதை அதோடு போய்விடும். நான் சாதாரணதரம் வரைக்கும்தான் படித்தவன். பிழை கிடந்தால் திருத்தி வாசியுங்கள்.

வீட்டுக்குத் தபாலில் பனி மூடிய ஊர்ப் படம் ஒன்று வந்ததே, அதை அனுப்பிய வெள்ளைக்காரர் யார் என்று கேட்டீர்கள். அவர் போலந்து நாட்டவர். ட்றம்பெட் என்கிற பித்தளைக் குழல் வாசிப்பவர், பாட்டுக்கு இசையமைப்பவர். பாசிக்குடா ஹோட்டலில் நான் துப்புரவாக்கும் அறைகளில் கடைசி அறையில் ஒரு மாதம் இருந்தார். மழை முடிந்து, ஆட்கள் இன்னும் வரத் தொடங்காத நேரம் அது.

காலையில் நான் படுக்கை விரிப்பு மாற்றும்போது அவர் வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து ஏதாவது சொல்லுவார். அவருடைய இங்கிலீசும் உடைந்தது, என்னுடையதும் உடைந்தது. அதனால் ஒருவருக்கொருவர் வெட்கப்படவில்லை. அவருடைய தகப்பன் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவராம். சுரங்கத்துக்கென்று ஒரு பாண்ட் வாத்தியக் குழு உண்டு. கலியாணத்துக்கும் செத்த வீட்டுக்கும் அவர்கள்தான் ஊதுவார்களாம். பத்து வயதில் இவரும் அதில் நின்றிருக்கிறார். பிறகு ஜாஸ் என்கிற இசையில் பைத்தியம் பிடித்துவிட்டது. எழுதி வைத்ததை அப்படியே வாசிக்காமல், அந்த நேரம் மனதில் வருவதையும் சேர்த்து வாசிப்பது அது என்று எனக்கு விளங்கப்படுத்தினார். நம் கோயிலில் நாதஸ்வரக்காரர் ஒரு ராகத்தை இழுத்துக்கொண்டே போவாரே, அப்படியா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படித்தான் என்றார்.

சுவீடனுக்குப் போகும் கப்பலில் பல வருடம் வாசித்திருக்கிறார். கடல் கொந்தளித்தால் ஒரு காலைத் தூணில் கொளுவிக்கொண்டு ஊதுவாராம். பிறகு சொந்தமாக ஒரு குழு, இசைத்தட்டுகள், நாடகங்களுக்கு இசை, பிள்ளைகளின் பொம்மைப் படங்களுக்கு இசை. ஒரு வாத்து நடந்து வருகிற இடத்துக்கு வாசித்ததை எனக்கு வாயால் பாடிக் காட்டினார். மெத்தையைத் தூக்கிப் பிடித்தபடி நின்று சிரித்தேன்.

எட்டு வருடத்துக்கு முன் ஒரு நாள், மேடையில், தான் எழுதிய பாட்டின் நடுவிலேயே அவருடைய உதடு நின்றுபோயிற்று. காற்று வந்தது, சத்தம் வரவில்லை. சனம் பார்த்துக்கொண்டிருக்க இறங்கிப் போய்விட்டார். அன்றிலிருந்து எழுதுவது மட்டும்தான். வாசிப்பது வேறு ஆட்கள். இப்போது தன் ஊருக்கென்று ஒரு பெரிய இசை எழுதியிருந்தார். அதில் ட்றம்பெட் பகுதியைத் தானே வாசிக்க ஆசை. அதை வாசிக்கப்போகிற குழுவை நடத்துகிற பெண்ணுக்கு அவரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: மாதக் கடைசியில் போனில் முழுக்க வாசித்துக் காட்டுவேன். சரியில்லை என்றால் முகத்துக்கு நேரே சொல்லுங்கள், ஒரு இளம் ஆளைப் போடுங்கள்.

“அங்கே வாசித்துப் பழகினால் தெரிந்தவர்கள் காதில் விழும்,” என்றார். “இங்கே என்னை ஒருவருக்கும் தெரியாது.”

அதனால்தான் அவ்வளவு தூரம் வந்திருக்கிறார். ஒவ்வொரு பின்னேரமும் தோணிகள் இழுத்து வைத்திருக்கும் பக்கம் போய் வாசிப்பார். முதல் கிழமை அது இசையாகவே இல்லை. ஹோட்டல் தோட்டத்தில் வேலை செய்கிற வாகரை ஊர்ப் பெடியன், “அண்ணன், உங்கட வெள்ளக்காரருக்கு வயித்துக்குள்ள என்னவோ செய்யுதாம்” என்று என்னைப் பகிடி பண்ணுவான். மூன்றாம் கிழமை அவனே மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்று கேட்டான்.

இனித்தான் என் கதை. ட்றம்பெட்டில் விரலால் அமத்துகிற மூன்று பொத்தான்கள் உண்டு. அவை வழுக்கி ஏறி இறங்க வேண்டும். கடற்காற்றின் உப்புக்கு அவை இறுகத் தொடங்கின. அதற்கென்று கொண்டு வந்த எண்ணெய் பெட்டிக்குள்ளேயே ஒழுகி முடிந்திருந்தது. போனில் வாசிக்க வேண்டிய நாளுக்கு முதல் நாள் பின்னேரம், ஏதாவது எண்ணெய் கிடைக்குமா என்று என்னைக் கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. அம்மா காய்ச்சித் தந்துவிட்ட தேங்காயெண்ணெய்ப் போத்தலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நம் வீட்டில் தலைக்கும் அதுதான், தையல் மெஷினுக்கும் அதுதான், கதவுப் பிணைச்சலுக்கும் அதுதான். அவர் மூன்றிலும் விட்டார். பொத்தான்கள் வெண்ணெய்போல இறங்கின. அன்று மாலை அவர் வாசித்ததைக் கேட்டு எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, ஏதோ நான் வாசித்தது மாதிரி.

மறுநாள் உதட்டுக்கு ஓய்வு வேண்டுமென்று காலையில் அவர் ட்றம்பெட்டைத் தொடவில்லை. வாசிப்பு இரண்டரைக்கு, அங்கே அப்போது காலை பத்து மணி. இரண்டு மணிக்கு மேற்பார்வையாளர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். போனால், போலந்து ஐயா கட்டிலில் இருக்கிறார், ட்றம்பெட் மடியில். மூன்று பொத்தானும் சீமெந்து வைத்ததுபோல் நின்றுவிட்டன.

“என்னத்த ஊத்தின நீ?” என்று மேற்பார்வையாளர் பாய்ந்தார்.

“தேங்காயெண்ணெய், சேர்.”

“உன்ட பொஞ்சாதி தலைக்குப் பூசுறதயா இதுக்குள்ள ஊத்தின? முதலாளிக்கு நான் என்னண்டு சொல்லுற?”

வேலை போனால் உங்கள் படிப்பு என்ன ஆகும் என்பதுதான் முதலில் மனதில் வந்தது. அதை மறைக்க மாட்டேன். ஆனால் ஐயாவின் முகத்தைப் பார்த்ததும் அந்த நினைப்பு நின்றுவிட்டது. அவர் கோபப்படவே இல்லை. எட்டு வருடத்துக்கு முன் மேடையில் இருந்து இறங்கியபோது முகம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்தேன்.

மேசையில் என் போத்தல் நின்றது. உள்ளே எண்ணெய் இல்லை. வெள்ளையாக, கட்டியாக, வேறு ஏதோ ஒன்று. கெட்டுப்போயிற்று என்று கையில் எடுத்தேன். போத்தல் சில்லென்று இருந்தது. பிடித்துக்கொண்டு நிற்க, என் விரல் பட்ட இடத்தில் வெள்ளை கரைந்து மஞ்சளானது. அப்போதுதான் பிடிபட்டது. புழுக்கம் தாங்காமல் அவர் இரவிலிருந்தே ஏசியைக் கடைசிக் குளிரில் விட்டிருக்கிறார். தேங்காயெண்ணெய் கட்டியாகும் என்பது என் வாழ்க்கையிலேயே எனக்குத் தெரியாது. நம் ஊர் வெயிலில் அது எங்கே கட்டியாகப் போகிறது?

“சேர், வெயில்” என்றேன். வேறு இங்கிலீசு வரவில்லை. ட்றம்பெட்டைக் காட்டினேன், வெளியே காட்டினேன். அவர் தந்துவிட்டார்.

சூடேறிக் கிடந்த மணலில் துவாயை விரித்து அதைக் கிடத்தினோம். இரண்டு பேரும் குந்திக்கொண்டிருந்தோம். முதற்பொத்தான் இறங்கியது. இரண்டாவதும் இறங்கியது. மூன்றாவது அசையவில்லை. கடற்கரையில் ஒரு குழாயைக் காவல் காக்கிற இரண்டு ஆம்பிளைகளை வாகரைப் பெடியன் தூர நின்று பார்த்தான். அன்று அவன் பகிடி பண்ணவில்லை. இரண்டு இருபத்தைந்துக்கு மூன்றாவதும் இறங்கியது. அவர் மூன்றையும் கழற்றி என் துணியால் துடைத்து, பிறகு எச்சில் துப்பித் தடவினார். கப்பலில் இப்படித்தான் செய்வோம் என்றார்.

போனைப் பிடிக்க ஆள் இல்லை. நான் பிடித்தேன். அதில் கம்பளிச் சட்டை போட்ட ஆறேழு முகங்கள் தெரிந்தன. அவர் வெயிலில் நின்றே வாசித்தார். நடுவில் ஓரிடத்தில் சத்தம் உடைந்தது. அவர் கண்ணை மூடி, மூச்செடுத்து, அந்த இடத்திலிருந்தே திரும்பத் தொடங்கிக் கடைசிவரை போனார்.

முடிந்ததும் போனில் அந்தப் பெண் அவர்களுடைய பாஷையில் கொஞ்ச நேரம் என்னவோ சொன்னார். ஐயா மணலில் அப்படியே உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். போயிற்று என்றே நினைத்தேன்.

“என்னையே வாசிக்கச் சொல்கிறார்கள்,” என்றார்.

மேற்பார்வையாளர் என் பெயரை எழுத, பிழை பதிகிற புத்தகத்தோடு நின்றார். ஐயா போய், எண்ணெய் கேட்டது நான், ஊற்றியது நான், இந்த ஆள் வந்திராவிட்டால் இன்று என் பாடு முடிந்திருக்கும் என்று சொன்னார். பிழை செய்ததும் நான்தானே என்று நான் தமிழில் முணுமுணுத்தேன். மேற்பார்வையாளர் என்னைப் பார்த்து, “வாயப் பொத்திக்கொண்டு போ” என்றார். புத்தகத்தில் ஒன்றும் எழுதவில்லை. அந்த மனிதரையும் நீங்கள் நன்றியோடு நினைக்க வேண்டும்.

பிள்ளைகளே, நான் செய்த பிழைக்காக எனக்கு ஒருவர் நன்றி சொன்னது அந்த ஒரு தரம்தான். ஊருக்குத் திரும்பும்போது ஐயா என் முகவரியை எழுதி வாங்கிக்கொண்டு போனார்.

இரண்டு மாதம் கழித்து மேற்பார்வையாளர் தன் போனைக் கொண்டுவந்து, “இந்தா, உன்ட ஆள். பாத்துப்போட்டுத் தா” என்று தந்துவிட்டுப் போனார். துணி வைக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, மடித்த விரிப்புகளுக்கு மேல் உட்கார்ந்து பார்த்தேன். பெரிய மண்டபம். ஐயா கறுத்த சட்டையோடு நடுவில் நின்றார். கடைசிவரை வாசித்தார். முடிந்ததும் சனம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது.

அந்த அறையில் வேறு ஒருவரும் இல்லை. நானும் எழுந்து நின்றேன். அவர்கள் உட்காரும்வரை நானும் உட்காரவில்லை.