கம்ப்யூட்டரை ஜெயித்தவர்

ஆவடி ராணுவத் தொழிற்சாலையின் ஸ்டோரில் வேலை பார்த்த உலகநாதனை, 1996ஆம் ஆண்டு வாக்கில், குவார்ட்டர்ஸில் எல்லோரும் 'கம்ப்யூட்டர் உலகநாதன்' என்றுதான் சொன்னார்கள். அவருக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி அதிகம் தெரியாது. அதைச் செஸ்ஸில் தோற்கடிக்க மட்டும் தெரியும்.

அந்த லேப்டாப் அவர் மனைவி புஷ்பாவின் அண்ணன் மணவாளன் கொடுத்தது. சிங்கப்பூரில் அவர் இருந்த கம்பெனி பழையதைக் கழித்தபோது, தங்கைக்கு உபயோகப்படும் என்று தூக்கிவந்தார். தங்கைக்கு வந்ததைக் குடும்பத்துக்கு வந்ததாக உலகநாதன் எடுத்துக்கொண்டார். உள்ளே ஒரு செஸ் விளையாட்டு இருந்தது. ஒவ்வொரு முறை காய் நகர்த்துவதற்கும் இயந்திரம் எத்தனை விநாடி யோசிக்கலாம் என்பதை நாமே சொல்லிவிடலாம். அவர் இருபது விநாடி கொடுத்தார். மூன்று மாதம் தோற்றார். பிறகு அதன் பலவீனம் பிடிபட்டது. நடு ஆட்டத்தில் ராணிப் பக்கத்துச் சிப்பாய் ஒன்றைத் துணையில்லாமல் விட்டால், இருபது விநாடியும் யோசித்துவிட்டு அதை வெட்டும். வெட்டினால் அடுத்த சில நகர்த்தல்களில் அதன் யானை போய்விடும். அதற்குப் பேராசை இருந்தது, பட்ட ஞாபகம் இல்லை. தினமும் வெட்டியது, தினமும் தோற்றது.

செய்தி பரவியது. மனமகிழ் மன்றத்தின் ஆண்டுவிழாவில் மேடைபோட்டு ஆடவைத்தார்கள். ஜெயித்துவிட்டு, மனித மூளைக்கு ஈடில்லை என்று அரைமணி நேரம் பேசினார். அதன்பின் எந்த ஸ்டெபிலைசர் வாங்கலாம், பெண்ணை எந்தப் படிப்பில் சேர்க்கலாம் என்றெல்லாம் அவரிடம் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார்.

இதற்கிடையே புஷ்பா பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் தமிழ் டைப்பிங் கற்றுக்கொண்டார். இரண்டு பள்ளிக்கூடங்கள் கேள்வித்தாள் அடிக்கக் கொடுத்தன. ஆனால் அந்தத் தமிழ் மென்பொருள் வீட்டு லேப்டாப்பில் இரண்டாம் பக்கத்தைத் தாண்டவில்லை. ஏழாம் வகுப்பு சமூக அறிவியலை மூன்று முறை அடித்தார். மூன்று முறையும் அது முகலாயர்களோடு நின்றுபோனது.

மண்ணூர்பேட்டையில் ஜேம்ஸ் என்பவர் தொழிற்பேட்டைக் கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களைப் பழுது பார்த்துவந்தார். கணவனும் மனைவியும் அவரிடம் போனார்கள். அதே மாடலில் திரை உடைந்துபோன ஒன்று அவரிடம் கிடந்தது. அதன் பிராசசர் இதில் இருப்பதைவிட வேகமானது, மெமரியும் கூடுதல்; இரண்டும் நன்றாக இருந்தன. இரண்டையும் கழற்றி இதில் மாட்டிவிடலாம், அரைமணி நேர வேலை என்றார். புஷ்பாவுக்கு முகம் மலர்ந்தது. உலகநாதன் ஒரே ஒரு கேள்வி கேட்டார். மற்ற மென்பொருள்களுக்கு ஏதாவது பாதிப்பு வருமா?

"எல்லாமே வேகமா ஓடும் சார்," என்றார் ஜேம்ஸ். "உங்க செஸ்ஸும்தான். அதே இருபது செகண்ட்ல நாலு மடங்கு யோசிக்கும்."

உலகநாதன் லேப்டாப்பை மூடி, யோசித்துச் சொல்வதாகக் கூறிக் கிளம்பிவிட்டார்.

ஐந்து வாரம் யோசித்தார். வேகம் கூடினால் சூடு கூடும் என்றார். நன்றாக ஓடுகிற பொருளைப் பிரிக்கக்கூடாது என்றார். மச்சான் மனம் புண்படும் என்று சிங்கப்பூருக்குக் கடிதம் போட்டார். அப்படியொரு பொருளைக் கொடுத்ததே தனக்கு மறந்துவிட்டது என்று மணவாளன் பதில் எழுதினார். புஷ்பா எல்லாக் காரணங்களையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு, தினமும் சென்டருக்கு நடந்துபோய், வாடகைக் கம்ப்யூட்டரில் முகலாயர்களைத் தாண்டினார்.

முடிவு கேன்டீனில் வந்தது. கிரேன் ஓட்டிய கஜபதி சேக்காட்டுக்காரர், உலகநாதனோடு மதிய இடைவேளைகளில் செஸ் ஆடித் தோற்பவர். நாலு பேர் முன்னால் சாவகாசமாகக் கேட்டார்:

"மிஷினு ஸ்ட்ராங்கா ஆயிட்டா தோத்துடுவோம்னு பயந்துகினு கீறியா அண்ணாத்தே?"

உலகநாதன் சிரித்தார். "எனக்கென்ன பயம்? வர்ற ஞாயித்துக்கிழமையே மாத்திடுறேன்."

மாற்றியாயிற்று. புஷ்பா முகலாயர்களைக் கடந்து, ஆங்கிலேயர்களையும் அனுப்பிவைத்துவிட்டு எழுந்தார். உலகநாதன் உட்கார்ந்தார். வழக்கமான சிப்பாயை வழக்கமான இடத்தில் விட்டார். இயந்திரம் இருபது விநாடி யோசித்தது. சிப்பாயைத் தொடாமல் குதிரையை நகர்த்தியது. முப்பத்தோராவது நகர்த்தலில் உலகநாதனின் ராஜா நிற்க இடமில்லாமல் நின்றது. அந்த வாரம் ஆறு ஆட்டம் ஆடினார். ஆறும் போயிற்று.

கஜபதியோ, அண்ணாத்தே நாலு மடங்கு பலமான மிஷினோடு மோதப்போகிறார் என்று தொழிற்சாலை முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். மன்றத்தின் கரும்பலகையில் தேதியே எழுதிவிட்டார்கள். உலகநாதன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அவருக்குக் கணக்கு புரிந்தது. நாலு மடங்கு வேகமான இயந்திரத்துக்கு இருபது விநாடி எதற்கு? ஐந்து கொடுத்தால் போதாதா?

மன்றத்து மேடையில் ஐந்து விநாடி கொடுத்தார். இயந்திரம் பழைய புத்தியோடு சிப்பாயை வெட்டியது. ஆனால் கூட்டம் பார்த்தது வேறு. முன்பு அவ்வளவு நேரம் யோசித்த மிஷின் இப்போது சட்சட்டென்று ஆடுகிறதே என்று வாயைப் பிளந்தார்கள். அதையும் மனுஷன் அடித்துவிட்டாரே என்று எழுந்து நின்று கைதட்டினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். இந்த முறை உலகநாதன் இரண்டு நிமிடம்தான் பேசினார். அடக்கம் என்று அதையும் புகழ்ந்தார்கள்.

மறுநாள் லேப்டாப்பைத் திறந்த புஷ்பா, செஸ்ஸில் ஐந்து என்று இருக்கிறதே, முன்பு இருபதுதானே என்று கேட்டார். புது பிராசசருக்கு அதுவே தாராளம் என்றார் உலகநாதன்.  புஷ்பா, இனி விடுமுறை நாட்களிலும் மாலை நாலு மணி வரை லேப்டாப் தனக்கு வேண்டும் என்று மட்டும் சொன்னார். அவர் மறுபேச்சில்லாமல் சம்மதித்தார்.

நாலு மணிக்குமேல் தனக்குக் கிடைத்த நேரத்தில் அவர் இருபது விநாடியே கொடுத்து ஆடினார், தோற்றார். இரண்டு வருடம் இப்படிப் போனது. வெளியில் யாருக்கும் தெரியாது. குறுக்குவழிகளை விட்டுவிட்டு, தோற்ற ஆட்டங்களை நோட்டில் எழுதி, எங்கே தப்பு என்று தேடினார். 1998 அக்டோபரில், புஷ்பா கேள்வித்தாள் கொடுக்கப் பள்ளிக்குப் போயிருந்த ஒரு சனிக்கிழமை, ஐம்பத்திரண்டாவது நகர்த்தலில் இயந்திரம் தோல்வியை ஒப்புக்கொண்டது.  உலகநாதன் சைக்கிளை எடுத்துக்கொண்டு சேக்காட்டுக்கு மிதித்தார்.

"ஜெயிச்சிட்டேன் கஜபதி. கம்ப்யூட்டரை ஜெயிச்சிட்டேன்."

கஜபதி அவரை ஒரு மாதிரி பார்த்தார். "அது இன்னா புச்சா அண்ணாத்தே? நீ எப்பவும் ஜெயிக்கிறவன்தானே. ஒக்காரு, டீ சாப்டு."

விளக்கிச் சொல்ல வாயெடுத்தார். முதல் வாக்கியத்திலேயே பொன்னாடை குறுக்கே வந்தது. டீயைக் குடித்துவிட்டுத் திரும்பினார்.

வீட்டில் புஷ்பா வந்து அடுத்த கேள்வித்தாளை அடித்துக்கொண்டிருந்தார். செஸ்ஸை எப்போதோ மூடியிருந்தார். உலகநாதன் பக்கத்தில் நின்று, இன்றைக்கு ஜெயித்ததாக மெல்லச் சொன்னார்.

"எத்தனை செகண்ட் வச்சிருந்தீங்க?"

"இருபது."

புஷ்பாவின் விரல்கள் நின்றன. திரும்பி அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப நிஜமாவே ஜெயிச்சிருக்கீங்க," என்றார்.

பிறகு, கையெழுத்து சரியாகத் தெரியவில்லை, வாசித்தால் அடிக்க வசதியாக இருக்கும் என்று தாள்களை அவரிடம் நீட்டினார். உலகநாதன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒன்பதாம் வகுப்பு அறிவியலை முதல் கேள்வியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தார்.